கியர் போட்டதும் 'டக்' என்றால்... பழைய ஹைலக்ஸும் கூடுதல் கணிதமும்

உங்கள் வீட்டில் பின்சக்கரத்தால் ஓடும் பழைய வண்டி ஏதும் இருக்கிறதா? பிக்கப், வேன், சின்ன லோரி, எதுவானாலும் சரி. ஒருநாள் அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். நிற்கும் வண்டியில் ரிவர்சிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விடும்போது அடியிலிருந்து 'டக்' என்று கேட்கிறதா? மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல் 'கிச் கிச்' என்று வந்து, வேகம் கூடக் கூட அதுவும் வேகமெடுக்கிறதா? எண்பதைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியில் அதிர்வு தெரிகிறதா? மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய சாமான் உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புச் சிலுவை. அதன் முழுப்பெயர் யுனிவர்சல் ஜாயிண்ட். நம் ஊர்ப் பட்டறைகளில் கிராஸ் ஜாயிண்ட் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

எங்கள் வீட்டு ஹைலக்ஸ் 1990களின் கடைசியில் வந்த நான்கு சக்கர இயக்க வண்டி. சுங்கை பெசார் வயல் ஊர்தான் என்றாலும், செம்பனையும் இருக்கிறது. சிறு தோட்டக்காரர்களிடம் குலைகளை ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அப்பாவின் வேலை. வெட்டிய குலை காத்திருக்காது. அடிபட்ட பழத்தில் உள்ள நொதி எண்ணெயைப் பிரித்துக் கொழுப்பு அமிலமாக மாற்றத் தொடங்கிவிடும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கச் சொல்கிறார்கள். வண்டி ஒருநாள் படுத்தால் அப்பாவின் ஒருநாள் கூலியோடு வேறு நாலு பேருடைய பழமும் கெடும்.

செமஸ்டர் விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது மேலே சொன்ன மூன்று சத்தமும் அதில் இருந்தன. அதிர்வு எப்போதிலிருந்து என்று கேட்டேன். "அஞ்சாம் நம்பர் ரோடே அப்படித்தானேம்மா" என்றார் அப்பா. அதிலும் நியாயம் உண்டு. கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வழியாக வரும் இந்தச் சாலைக்கு அடியில் கடலோரத்து இளகிய மண். மேடும் பள்ளமுமாக அது போகும் போக்கில் எந்த வண்டியும் ஆடத்தான் செய்யும். ஆனால் சாலை தரும் ஆட்டம் இடத்துக்கு இடம் மாறும். எங்கள் வண்டியிலோ எங்கே போனாலும் அதே வேகத்தில் அதே அதிர்வு. அப்படியானால் அது சுற்றுகிற ஏதோ ஒன்றிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு பட்டறையில் காட்டினோம். ஷாஃப்டையே முழுசாக மாற்ற வேண்டும், அறுநூற்றைம்பது வெள்ளி ஆகும் என்றார்கள். ஓராண்டுக்கு முன்புதான் வேறோர் இடத்தில் இதே கிராஸ் ஜாயிண்டை மாற்றியிருந்தோம். ஒழுங்காகக் கிரீஸ் அடித்தால் பல ஆண்டு உழைக்கும் சாமான் ஓராண்டில் ஏன் தேய்ந்தது? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. மாமாதான் கேட்டார்.

மாமா தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எனக்கு இயந்திரப் பொறியியலில் இரண்டாம் ஆண்டு. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே விஷயத்தை இருவரும் வேறு வேறு மொழியில் பேசுகிறோம் என்பது வண்டிக்கு அடியில் படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எதற்கு இந்தச் சிலுவை?

இஞ்சினும் கியர்பெட்டியும் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டவை. பின் அச்சோ வில்லுப்பட்டைகளில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் சுழற்சியைக் கொண்டுசேர்க்கும் நீண்ட இரும்புக் குழாய்தான் ஷாஃப்ட். அதன் இரு முனையும் வளைந்துகொடுக்க வேண்டும், வளைந்தபடியே சுற்றவும் வேண்டும். சின்ன வயதில் நாம் செய்த லாஸ்டிக்கின் கவட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோன்ற இரண்டு இரும்புக் கவட்டைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக எதிரும் புதிருமாக நிற்கின்றன. நடுவில் ஒரு சிலுவை. சிலுவையின் நான்கு கால்களுக்கும் நான்கு கிண்ணங்கள். கிண்ணத்துக்குள் சுவரோரமாக வரிசையாக நிற்கும் மெல்லிய ஊசி உருளைகள். அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் இதற்கு 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் ஜெரொலாமோ கார்டானோவின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியில் இந்த ஷாஃப்டை இன்றும் கார்டன் தண்டு என்றுதான் சொல்கிறார்கள். யுனிவர்சல் ஜாயிண்ட் என்ற பெயரை 1676இல் எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். ஆமாம், பள்ளி இயற்பியலில் ஸ்பிரிங்கோடு வந்து நம்மைப் படுத்தினாரே, அதே ஹூக்தான். அவர் இதை வண்டிக்காகச் செய்யவில்லை. அவர் மனம் வானியல் கருவிகளில் இருந்தது. இந்த ஜாயிண்ட் சுற்றும்போது வெளியே வரும் சுழற்சி சீராக இல்லை என்பதைக் கவனித்தவர், அந்த ஏற்ற இறக்கம் சூரியக் கடிகாரத்தில் நிழல் நகரும் விதத்தோடு ஒத்துப்போவதையும் கண்டார். வண்டிகளுக்கு இது முறையாக வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர், சங்கிலியால் ஓடிய கார்களுக்கு மாற்றாக, தூசி புகாமல் மூடிய யுனிவர்சல் ஜாயிண்டை உருவாக்கி 1903இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே தயாரிப்பில் இறங்கினார். அந்த நிறுவனம்தான் பின்னாளில் டானா ஆனது.

ஹூக் கவனித்த அந்தச் சீரின்மைதான் எங்கள் கதைக்கும் தேவை.

ஒரு தண்டு நிமிடத்துக்கு 1000 சுற்று, துளியும் மாறாமல் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராஸ் ஜாயிண்டுக்கு அப்பால் உள்ள தண்டு 10 பாகை சாய்ந்திருந்தால் அதன் வேகம் 985க்கும் 1015க்கும் இடையே ஏறி இறங்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. 20 பாகை என்றால் 940இலிருந்து 1064 வரை. 30 பாகை என்றால் 866இலிருந்து 1155 வரை. கணக்கிப்பொறியை எடுத்துப் பாருங்கள். கீழ் எல்லை 1000ஐ அந்தக் கோணத்தின் கோசைனால் பெருக்கியது. மேல் எல்லை 1000ஐ அதே கோசைனால் வகுத்தது. கூடுதல் கணிதத்தில் "இது எதுக்குடா உதவப்போகுது" என்று நாம் முணுமுணுத்த கோசைன் இங்கே வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். 5 பாகையில் ஏற்ற இறக்கம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. 10 பாகையில் ஒன்றரை விழுக்காடு. கோணம் இரண்டு மடங்கானால் தொல்லை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பாரம் தாங்கட்டும் என்று பின் வில்லுக்கு அடியில் கட்டை வைத்து வண்டியை உயர்த்துகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இதை நான் மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "வயல்ல டிராக்டர் பாத்ததில்லையா நீ?" என்றார். பார்த்திருக்கிறேன். சுங்கை பெசாரில் வளர்ந்தவர்கள் யார்தான் பார்க்கவில்லை? பெர்ணாம் ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து ஆண்டுக்கு இரண்டு போகம் நடக்கும் ஊர். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் டிராக்டர் சுழல் கலப்பையை இழுத்துக்கொண்டு சேற்றை உழும். அந்தக் கலப்பையைச் சுற்றுவதும் டிராக்டரின் பின்புறத்திலிருந்து வரும் ஒரு ஷாஃப்ட்தான். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது அதற்கு உலகெங்கும் உள்ள வழக்கமான கணக்கு. வயல் ஓரத்தில் திரும்புவதற்காகக் கலப்பையைத் தூக்கும்போது 'கடகட'வென்று ஒரு சத்தம் வருமே, அது ஷாஃப்டின் கோணம் கூடியதால் வரும் சத்தம். விவரம் தெரிந்த ஓட்டுநர் முதலில் சுற்றை நிறுத்திவிட்டுத்தான் தூக்குவார். "தூக்கிக்கிட்டே சுத்தவிட்டா கிராஸ் போயிடும்." நான் கோசைனில் சொன்னதை மாமா ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இரண்டு காதும் ஒரே பக்கம்

ஒரு ஜாயிண்ட் சீராகச் சுற்றாது என்றால் வண்டி எப்படி நிம்மதியாக ஓடுகிறது? ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட் இருப்பதால்தான். முன்னால் உள்ளது கெடுப்பதைப் பின்னால் உள்ளது சரிசெய்கிறது. முதல் ஜாயிண்டால் ஷாஃப்ட் வேகமெடுக்கும் அதே கணத்தில், இரண்டாவது ஜாயிண்ட் அதே அளவுக்கு வேகத்தைக் குறைத்துப் பின் அச்சுக்குக் கொடுக்கிறது. நடுவில் உள்ள குழாய் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்குப் போவது சீரான சுழற்சி.

ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரு முனையிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கவட்டைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஷாஃப்டைத் தரையில் வைத்து ஒரு முனையிலிருந்து பார்த்தால் முன் கவட்டையின் காதுகளும் பின் கவட்டையின் காதுகளும் ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும். காதுகள் 90 பாகை மாறி நின்றால் இரண்டாவது ஜாயிண்ட் சரிசெய்வதற்குப் பதிலாக இன்னும் கெடுக்கும். 10 பாகைச் சாய்வில் 985, 1015 என்று இருந்தது 970, 1031 என்று ஆகிவிடும்.

எங்கள் ஹைலக்ஸின் பின் ஷாஃப்டில், அச்சு ஏறி இறங்கும்போது நீளம் கூடிக் குறைவதற்காக, பற்கள் வெட்டிய ஒரு சறுக்கு மூட்டு இருக்கிறது. அதைக் கழற்றினால் எந்தப் பல்லிலும் திரும்பச் செருகலாம். ஷாஃப்டை இறக்கித் தரையில் வைத்ததும் மாமா செய்த முதல் வேலை, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தது. "இங்க வந்து பாரும்மா" என்றார். முன் காதும் பின் காதும் ஏறக்குறைய இருபது பாகை விலகி நின்றன. கம்பித் தூரிகையால் சேற்றையும் துருவையும் தேய்த்த பிறகு இரண்டு பாகத்திலும் ஓர் அம்புக்குறி தெரிந்தது. இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டியவை. போன முறை யாரோ சறுக்கு மூட்டைக் கழற்றிவிட்டு, அம்பைப் பார்க்காமல் செருகியிருக்கிறார்கள்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். 90 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 25 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர் என்றால் அது விநாடிக்குக் கிட்டத்தட்ட 11 முறை சுற்றுகிறது. பின் அச்சின் பல்விகிதத்தை 4 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் விநாடிக்கு 43, 44 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை குலுக்கல், அதாவது விநாடிக்கு எண்பதுக்கும் மேல். ஓராண்டாக அந்த ஊசி உருளைகள் வாங்கிய அடி அது. போதாததற்கு, ஷாஃப்டை ஆலையில் முழுசாக வைத்துச் சமநிலை பார்த்துத்தான் சின்னச் சின்ன எடைத் தகடுகளை ஒட்டுகிறார்கள். பல் மாறினால் அந்தச் சமநிலையும் போய்விடும். நாங்கள் புதிய ஷாஃப்டுக்கு அறுநூற்றைம்பது கொடுத்திருந்தால் வண்டி சரியாகியிருக்கும் என்பது உண்மை. ஆனால் காரணம் மட்டும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பட்டறைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். குழாய் நெளிந்திருந்தாலோ, கிண்ணம் உட்காரும் துளை தேய்ந்து முட்டை வடிவமாகி இருந்தாலோ ஷாஃப்டை மாற்றத்தான் வேண்டும். எங்களுடையதில் துளைகள் நன்றாக இருந்தன. புதுக் கிண்ணம் இறுக்கமாகவே போனது.

கைவேலை

மாற்றும் வேலை அரை நாள் பிடித்தது. அதில் பாதி நேரம் துருவோடு போராடியதுதான். ஆயினும் தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதில்தான் உயிர் இருக்கிறது. நம் பக்கத்து மண்ணில் ஜெக்கை நேராக வைத்தால் பாரம் ஏற ஏற அது உள்ளே இறங்கும். அடியில் தடித்த பலகை வேண்டும். ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். காரணம், ஷாஃப்டைக் கழற்றியதும் இஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும், ஓட்டோ கியரில் 'பி' போட்டிருந்தாலும் இனி அது பின்சக்கரத்தைப் பிடிக்காது. மாமாவின் காலத்துத் தோட்டத்து லேண்ட் ரோவரில் கைப்பிரேக்கே ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில்தான் இருந்தது. பின் ஷாஃப்டைக் கழற்றினால் கைப்பிரேக்கும் இல்லை. அதை மறந்து வண்டி உருண்ட கதைகளை அவர் வேலைக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தார்.

கழற்றும் முன் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒவ்வோர் இணைப்பின் குறுக்கேயும் ஒரு கோடு போட்டோம். முன்னால் நான்கு போல்ட், பின்னால் நான்கு போல்ட். ஷாஃப்ட் இறங்கியதும் ஜாயிண்டை மடக்கிப் பார்த்தேன். மடங்கும்போது ஓர் இடத்தில் 'கடுக்' என்று பிடித்தது. பிறகு பிரித்தபோது காரணம் தெரிந்தது. சிலுவையின் காலில் ஊசிகள் பதிந்த வரிவரியான பள்ளங்கள், சீப்பின் பல்லை மெழுகில் அழுத்தி எடுத்ததுபோல. இந்த ஊசிகள் சக்கரத்துப் பேரிங் போல முழுதாகச் சுற்றுவதில்லை. கொஞ்சம் முன்னும் பின்னுமாக அசைகின்றன, அவ்வளவே. ஆகவே அடி எப்போதும் அதே இடத்தில்தான் விழுகிறது. எனக்கு ஆச்சரியம் தந்தது என்னவென்றால், ஷாஃப்ட் துளியும் சாயாமல் நேர்கோட்டில் இருந்தாலும் ஜாயிண்டுக்குக் கெடுதல்தான். ஊசி அசையவே அசையாது, கிரீஸ் பரவாது, நின்ற இடத்திலேயே பள்ளம் விழும். அதனால் வடிவமைக்கும்போதே ஒன்றிரண்டு பாகைச் சாய்வை வேண்டுமென்றே விடுகிறார்கள்.

பழைய கிண்ணங்களைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப்புகளை இடுக்கியால் எடுத்த பிறகு, பெஞ்சு வைஸில் இரண்டு சாக்கெட்டுகளை வைத்து அழுத்தினோம். ஒரு பக்கம் கிண்ணத்தைவிடச் சிறிய சாக்கெட் தள்ளும்; எதிர்ப்பக்கம் பெரிய சாக்கெட், வெளியே வரும் கிண்ணத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். வைஸில் ஷாஃப்டின் குழாயை வைத்து இறுக்க மாமா விடவில்லை. குழாய் மெல்லியது, சின்ன நெளிவு விழுந்தாலும் சமநிலை போய்விடும். சுத்தியலை அவர் எடுத்தது குறைவு.

புதியதைப் பொருத்தும்போது பொறுமைதான் வேண்டும். கடைக்குப் பழைய கிராஸைக் கையோடு கொண்டுபோய்க் கிண்ணத்தின் விட்டம், முனைக்கு முனை நீளம் இரண்டையும் அளந்து வாங்கினோம். இரண்டும் சேர்த்து நூறு வெள்ளிக்குள்தான். கிண்ணத்தைக் கவட்டையில் பாதி மட்டும் அழுத்தி, சிலுவையின் காலை அதற்குள் விட்டு, அந்தக் கால் வெளியே நழுவாமல் பிடித்துக்கொண்டே எதிர்க் கிண்ணத்தை அழுத்த வேண்டும். கால் உள்ளே இருக்கும்வரை ஊசிகள் நிமிர்ந்து நிற்கும். ஒரே ஓர் ஊசி சாய்ந்து கிண்ணத்தின் அடியில் விழுந்தாலும் கிண்ணம் முழுதாக இறங்காது, கிளிப் அதன் பள்ளத்தில் உட்காராது. கிளிப் உட்காரவில்லை என்றால் ஓங்கி அடிக்காமல் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் முதலிலேயே கவனித்துக்கொண்டோம், பிறகு கிரீஸ் கன் எட்டாமல் போய்விடக் கூடாது. எல்லாம் மாட்டிய பிறகு ஜாயிண்ட் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. மாமா கவட்டையின் காதில் செப்புச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார், சரளமாக மடங்கியது. பிறகு நான்கு கிண்ணத்தின் வாயிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடித்தோம். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் முதலில் போகும்.

சறுக்கு மூட்டைச் செருகும் வேலையை மாமா என்னிடம் விட்டார். அம்பும் அம்பும் நேருக்கு நேர். செருகிவிட்டு நானும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தேன். பின் காதுகள் முன் காதுகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கினோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமா "நீ சொல்ற கணக்கே இருக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தார்.

இதை எல்லாம் ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் போதும். தேய்ந்த ஜாயிண்ட் ஒருநாள் உடையும். பின்னால் உடைந்தால் ஷாஃப்ட் சாலையில் இழுபட்டு வரும். முன்னால் உடைந்தால் அதன் நுனி கீழே விழுந்து, வண்டி ஓடும் திசைக்கு எதிராகத் தாரில் குத்தும். கம்பூன்றித் தாண்டும் வீரர் எப்படி மேலே எழும்புகிறாரோ, அப்படி வண்டியின் பின்பாகம் எழும்பலாம். பாரம் ஏற்றிய பிக்கப், இரு வழிச் சாலை, எதிரே பள்ளிப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்கள். அப்பா தினம் ஓட்டும் வழி அது.

நம்மில் பலர் வீட்டில் இருப்பது மைவியோ சாகாவோதான். முன்சக்கரத்தால் ஓடும் அந்தக் கார்களில் இந்த நீண்ட ஷாஃப்ட் கிடையாது. முன்சக்கரம் ஓட வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் கோணம் பெரிது; சிலுவை அங்கே ஒத்துவராது. எந்தக் கோணத்திலும் சீராகச் சுற்றும் வேறு வகை ஜாயிண்ட் அங்கே இருக்கிறது, உருண்டைகள் வைத்தது. 1920களில் ஆல்ஃபிரட் ஜெப்பா உருவாக்கிய வடிவத்தின் வாரிசு அது. ஆனாலும் சிலுவை உங்களை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. ஸ்டீயரிங் தண்டு தரையை நோக்கி வளையும் இடத்தில் எட்டிப் பாருங்கள்.

மறுநாள் காலை அப்பா வெறும் வண்டியைத் தஞ்சோங் காராங் வரை ஓட்டினார், நான் பக்கத்தில். எண்பது, தொண்ணூறு. இருக்கைக்கு அடியில் ஒன்றும் இல்லை. மேடு பள்ளத்தின் ஆட்டம் மட்டும் இருந்தது, அது சாலைக்குச் சொந்தமானது. ரிவர்ஸ் போட்டால் இன்னும் மெல்லிசாக ஒரு 'டக்' கேட்கிறது. அது டிஃபரென்ஷியல் பற்களின் இடைவெளி என்றும், இந்த வயதுக்கு அது இருக்கத்தான் செய்யும் என்றும் மாமா சொன்னார். வீட்டுக்கு வந்ததும் போல்ட்டுகளை மறுபடி சரிபார்த்தோம். அடுத்த கிரீஸ் எப்போது என்று முகப்புக் கண்ணாடியின் மேல் மடிப்புத் தட்டியில் அப்பா மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவைத்திருக்கிறார். அன்று மதியமே பழம் ஏற்றப் போய்விட்டார்.